இறக்கி வைத்த பிறகு

நம் சமையலில் புளிப்புக்குப் பல வழிகள் உண்டு. மோர், தக்காளி, மாங்காய் எல்லாமே புளிக்கும். ஆனால் வருஷம் முழுக்க வீட்டில் இருப்பவை இரண்டுதான்: புளி, எலுமிச்சை. ஒன்று தீர்ந்தால் இன்னொன்றைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. புளியைக் கரைத்து ஊற்றினால் பச்சை வாசம் போகும்வரை கொதிக்கவிட வேண்டும். குழம்பு சுண்டி எண்ணெய் பிரியும்போதுதான் புளி தன் வேலையை முடிக்கிறது. எலுமிச்சைக்கு அந்தப் பச்சை வாசம்தான் உயிர். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை இறக்கி, கொதி அடங்கிய பிறகே அதைப் பிழிய வேண்டும். நெருப்போடு சேர்ந்தால் புளி இனிமைப்படும், எலுமிச்சை கெட்டுப்போகும்.

எலுமிச்சையின் சத்து, மருத்துவ குணம் என்று எவ்வளவோ எழுதப்படுகிறது. அவற்றில் எது நிற்கும், எது நிற்காது என்று பார்க்கும்போதெல்லாம் சமையலறையின் இந்த எளிய விதிதான் எனக்குத் துணைக்கு வருகிறது. பழத்தில் என்ன இருக்கிறது என்பது பாதிக் கேள்வி. அதை எப்போது பிழிந்தோம் என்பது மீதிப் பாதி.

எலுமிச்சை ரசத்தை எடுத்துக்கொள்வோம். துவரம்பருப்பு வெந்த தண்ணீரில் மஞ்சள்தூள், உப்பு, தட்டிய இஞ்சி, கீறிய பச்சை மிளகாய், நசுக்கிய மிளகும் சீரகமும், பாதித் தக்காளி. பாத்திரத்தின் ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கி மெல்ல நடுவுக்கு நகரும். நுரை கூடிப் பொங்குவதற்குள் இறக்கிவிட வேண்டும். நெய்யில் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப் போட்ட பிறகு பழத்தைக் கையில் எடுக்க வேண்டும். அதற்கு முன்பே அதை மேடையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி நாலு உருட்டு உருட்டியிருந்தால் உள்ளே சுளைகள் உடைந்து சாறு தளர்ந்திருக்கும். குறுக்கே அரிந்து, இடது கை விரல்களை நெருக்கி விதைகளுக்குத் தடுப்பாகப் பிடித்து, வலது கையால் பிழிகிறோம். சாறு விழுகிற அதே நொடியில் தோலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் திவலைகளும் தெறிக்கின்றன. நாம் எலுமிச்சை மணம் என்று சொல்வதில் பெரும்பங்கு இந்த எண்ணெய்தான். சாறு புளிக்கும், மணக்க வைப்பது தோல். பிழிந்த மூடியை மடக்கி விளக்குச் சுடரருகே நசுக்கினால் சிறு பொறிகள் பறப்பதைச் சின்ன வயதில் பார்க்காதவர் இருக்க முடியாது. அப்படி எரிவது லிமோனீன் என்ற அந்த எண்ணெய்ப் பொருள். அவ்வளவு எளிதில் ஆவியாகிற ஒன்றைக் கொதிக்கும் ரசத்தில் விட்டால் மணம் ஆவியோடு போய் அடுக்களையில் நிற்கும், ரசத்தில் நிற்காது.

மணம் போவதோடு முடிந்தால் பரவாயில்லை. எலுமிச்சையைக் கொதிக்கவிட்டால் கசந்துவிடும் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த சேதி. பழத்தின் விதையிலும், தோலுக்கு உட்புறம் உள்ள வெள்ளைப் பகுதியிலும், சுளையைப் பிரிக்கும் சவ்விலும் கசப்பில்லாத ஒரு பொருள் இருக்கிறது. பழம் முழுசாக இருக்கும்வரை அது அப்படியே கிடக்கும். பிழிந்து, சாற்றின் அமிலத்தோடு கலந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடும் கசப்பாக மாறத் தொடங்கும். சூடு அதை விரைவுபடுத்தும். காலையில் பிழிந்து வைத்த சாறு மாலையில் கசப்பதும் இதனால்தான். நன்னாரி சர்பத் கடைக்காரர் ஒவ்வொரு கிளாஸுக்கும் தனித்தனியாகப் பழத்தை அரிந்து பிழிகிறாரே, அது வாடிக்கையாளர் கண்ணுக்கான காட்சி என்று யாராவது நினைத்தால் தவறு. மொத்தமாகப் பிழிந்து வைத்தால் அவருக்கு வேலை மிச்சம். ஆனால் மத்தியானத்துக்குள் அந்தச் சாறு வியாபாரத்தைக் கெடுத்துவிடும்.

கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் எலுமிச்சை தேசிக்காய் ஆகிறது. அங்கே இடியப்பத்துக்குச் சொதி வைப்பார்கள். வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம் எல்லாம் தேங்காயின் தண்ணிப் பாலில் வெந்ததும் முதற்பாலை விட்டு, ஒரு கொதி வரும் நேரத்தில் இறக்கி, அதன் பிறகுதான் தேசிக்காய்ப் புளி விடுவார்கள். அடுப்பில் இருக்கும்போதே விட்டால் பால் திரைந்துவிடும். ரசத்தில் மணத்துக்காகவும் கசப்புக்குப் பயந்தும் கடைப்பிடிக்கிற விதியைச் சொதியில் பாலுக்காகக் கடைப்பிடிக்கிறார்கள். காரணம் வேறு, விதி ஒன்று.

இந்த விதி அதிகம் மீறப்படுவது எலுமிச்சை சாதத்தில். உணவகங்களில் வாணலியில் தாளிப்பு பொரியும்போதே சாற்றை ஊற்றி, ஒரு கொதி கொதிக்கவைத்துச் சோற்றைக் கொட்டிக் கிளறுகிறார்கள். வாயில் வைத்ததும் நாக்கின் அடியில் ஒரு கசப்பு தங்குவது அதனால்தான். நல்ல எலுமிச்சை சாதத்துக்கு முதல் தேவை பொறுமை. சோறு உதிரியாக வடித்து, தாம்பாளத்தில் பரப்பி, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு ஆறவிட வேண்டும். கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, வேர்க்கடலை, காய்ந்த மிளகாய், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் எல்லாம் சிவந்து வந்ததும் மஞ்சள்தூளைப் போட்டு அடுப்பை அணைத்துவிட வேண்டும். சாற்றில் உப்பைக் கரைத்துத் தனியே வைத்திருந்து, தாளிப்பைச் சோற்றின் மேல் கொட்டிய பிறகு அதைப் பரவலாகத் தெளிக்க வேண்டும். சோற்றைப் பிசையக்கூடாது, கரண்டிக் காம்பால் புரட்ட வேண்டும். அரை மணி நேரம் மூடி வைத்தால் புளிப்பு உள்ளே இறங்கும். செய்தவுடன் சாப்பிடுவதைவிட ஊறிய பிறகு சாப்பிடும்போதுதான் அது எலுமிச்சை சாதம்.

அந்த மஞ்சள் நிறத்தையும் சொல்ல வேண்டும். மஞ்சள்தூள் சுண்ணாம்பைக் கண்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் நாம் பார்ப்பது அதைத்தான். எலுமிச்சையோடு சேரும்போது அது தன் தூய மஞ்சளிலேயே நிற்கிறது. ஆனால் மஞ்சளையும் எலுமிச்சைச் சாற்றையும் வெங்காரத்தோடு சேர்த்தால் மறுபடி செக்கச்செவேலென்று மாறும். பழைய முறையில் குங்குமம் செய்தவர்கள் இந்த மூன்றையும் வைத்துத்தான் செய்தார்கள். சாதத்துக்குப் போன அதே பழம் நெற்றிக்கும் போயிருக்கிறது.

எலுமிச்சை சாதம் கட்டுச்சோறாக ஆனதற்கு ருசி மட்டும் காரணமில்லை. வெயிலில் வெறும் சோறு சில மணி நேரத்தில் நீர்விட்டு நாறத் தொடங்கும். அமிலம் சேர்ந்த சோற்றில் கிருமிகள் அத்தனை வேகமாகப் பெருக முடியாது. இதற்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு சாட்சி இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் கினி-பிசாவ் என்று ஒரு சிறு நாடு. அங்கேயும் சோறுதான் பிரதான உணவு, அதன் மேல் ஊற்றும் குழம்பில் எலுமிச்சை பிழியும் வழக்கமும் உண்டு. 1990களின் நடுவில் காலரா பரவியபோது, நோய் வந்த வீடுகளையும் வராத வீடுகளையும் ஒப்பிட்டு ஆய்வு செய்தார்கள். உணவில் எலுமிச்சைச் சாறு சேர்த்தவர்களுக்குப் பாதுகாப்பு இருந்தது தெரியவந்தது. ஆய்வகத்தில் சோற்றில் சாற்றைக் கலந்து சோதித்தபோதும் காலராக் கிருமியின் வளர்ச்சி அடங்கியது. இதை வைத்து எலுமிச்சை காலராவுக்கு மருந்து என்று சொல்லிவிடக்கூடாது. நோய் வந்தவருக்குத் தேவை உப்பு-சர்க்கரைக் கரைசலும் மருத்துவமனையும். ஆனால் சமைத்துக் கொஞ்ச நேரம் கழித்துச் சாப்பிடும் சோற்றுக்குப் புளிப்பு ஒரு காவல் என்பது உறுதி. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு நடந்தே ஊர் போனவர்கள் இதை அனுபவத்தில் தெரிந்து வைத்திருந்தார்கள்.

எலுமிச்சையை நெருப்பில் காட்டக்கூடாது என்ற விதி தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டிஷ் கடற்படையின் கதையைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகளுக்கு ஸ்கர்வி என்ற நோய் வந்தது. ஈறு வீங்கிக் கறுத்து ரத்தம் கசியும், பல் ஆடும், ஆறிப்போன பழைய புண் மறுபடி திறக்கும், கடைசியில் உயிர் போகும். 1747 மே மாதம் சாலிஸ்பரி என்ற போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் நோயாளிகள் பன்னிரண்டு பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒரு ஜோடிக்கு ஆப்பிள் மது, இன்னொரு ஜோடிக்கு வினிகர், மற்றொன்றுக்குக் கடல்நீர் என்று ஜோடிக்கொரு வைத்தியம். ஒரு ஜோடிக்கு மட்டும் தினம் இரண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும். ஆறு நாளில் பழம் தீர்ந்துவிட்டது. அதற்குள் அந்த இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பும் அளவுக்குத் தேறிவிட்டார். மருத்துவ வரலாற்றில் ஒப்பிட்டுப் பார்த்துச் செய்த முதல் சோதனைகளில் ஒன்றாக இது இன்றும் சொல்லப்படுகிறது.

அதற்குப் பிறகு லிண்ட் செய்ததுதான் என்னை வருத்துகிறது. பழம் கப்பலில் அழுகிவிடும் என்பதால், சாற்றைச் சூடுபடுத்திப் பல மணி நேரம் வற்றவைத்துப் பாகுபோல ஆக்கிச் சீசாவில் அடைத்து வைக்கலாம் என்று 1753இல் வெளிவந்த தன் நூலில் பரிந்துரைத்தார். நோயைத் தீர்த்த பொருளை அவரே அடுப்பில் வைத்து அழித்துவிட்டார். அந்தப் பொருளின் பெயர் வைட்டமின் சி என்பது அப்போது யாருக்கும் தெரியாது. நல்ல எண்ணத்தோடு, கவனத்தோடு, அத்தனை உழைப்போடு செய்த தவறு அது.

1795இல்தான் கடற்படை மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு கொடுக்க உத்தரவிட்டது. அது மத்தியதரைக்கடல் பகுதியின் நீளமான, நுனியில் மூக்கு வைத்த, தடித்த தோல்கொண்ட லெமன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அதை விட்டுவிட்டு, தங்கள் காலனிகளான மேற்கிந்தியத் தீவுகளில் விளைந்த சின்னப் பழத்துக்கு மாறினார்கள். லைம் என்ற அந்தப் பழம் நம் எலுமிச்சையின் இனம். இரண்டும் தாயாதிகள்: இரண்டுக்கும் ஒரு பக்கத்துப் பெற்றோர் கடாரங்காயை நினைவூட்டும் தடித்த தோல் சிட்ரன், மறுபக்கம் லெமனுக்குக் கசப்பு நாரத்தை, லைமுக்குக் காட்டில் வளரும் ஒரு தென்கிழக்காசிய இனம். லைமின் புளிப்பு அதிகம், எனவே மருந்தும் அதிகம் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். புளிப்பைத் தருவது சிட்ரிக் அமிலம். ஸ்கர்வியைத் தீர்ப்பது வேறொன்று. அந்தச் சாறும் காற்றுப்பட நின்று, செம்புக் குழாய்கள் வழியே ஓடி, நாள்பட்டுக் கிடந்துதான் கப்பலுக்கு வந்தது. காற்றும் செம்பும் சேர்ந்தால் வைட்டமின் சி நிற்காது. நீராவிக் கப்பல்கள் வந்து பயணநாட்கள் குறைந்ததால் குறை வெளியே தெரியவில்லை. 1875இல் ஜார்ஜ் நேர்ஸ் தலைமையில் வடதுருவம் நோக்கிப் போன குழு, எலுமிச்சைச் சாற்றைக் கையோடு வைத்திருந்தும் ஸ்கர்வியில் விழுந்து திரும்பியது. பழம்தான் மருந்து என்ற நம்பிக்கையே அதன் பிறகு ஆட்டம் கண்டது. முதல் உலகப்போர் முடியும் தறுவாயில் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஹாரியட் சிக்கின் குழுவினர் சோதித்தபோதுதான் குழப்பம் தீர்ந்தது. புதிதாகப் பிழிந்த லைம் சாற்றுக்கு லெமனின் கால்பங்கு சக்திதான் இருந்தது. பதப்படுத்தி வைத்த சாற்றில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

வீட்டில் பித்தளைப் பாத்திரத்தில் புளிப்புப் பண்டம் வைக்கக்கூடாது, ஈயம் பூசியிருந்தால்தான் வைக்கலாம் என்று பாட்டிகள் சொல்வார்கள். அவர்கள் பயந்தது களிம்புக்கு. வைட்டமினைக் காப்பாற்ற வேண்டும் என்று அவர்கள் நினைத்ததில்லை. ஆனால் களிம்பைத் தவிர்க்கப்போய் அதையும் சேர்த்துத்தான் காப்பாற்றினார்கள்.

சரி, நம் பழத்தில் வைட்டமின் சி எவ்வளவு? நூறு கிராம் சாற்றில் ஏறக்குறைய 30 மில்லிகிராம். ஒரு சிறு பழத்தைப் பிழிந்தால் 15 முதல் 20 மில்லி சாறு கிடைக்கும். ஆக, ஒரு பழத்துக்கு ஐந்தாறு மில்லிகிராம்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்த அளவு ஆண்களுக்கு நாளொன்றுக்கு 80, பெண்களுக்கு 65 மில்லிகிராம். பாதிக் கொய்யாப்பழம் இதைத் தாண்டிவிடும். வைட்டமின் சி மட்டும் வேண்டும் என்றால் கொய்யாவையும் நெல்லிக்காயையும் தேடுவதே சரி. எலுமிச்சையின் சிறப்பு அதன் அளவில் இல்லை, எதன் மேல் அதைப் பிழிகிறோம் என்பதில் இருக்கிறது. கொய்யாவைக் கீரைப் பொரியலில் போட முடியாது. எலுமிச்சையைப் பிழியலாம்.

கீரை, கேழ்வரகு, பயறு வகைகளில் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. அவற்றிலேயே உள்ள ஃபைட்டேட் போன்ற பொருட்கள் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சாப்பாட்டோடு குடிக்கிற டீயும் காப்பியும் இன்னும் கெடுக்கின்றன. அதே கவளத்தில் வைட்டமின் சி இருந்தால் இரும்பு உடல் ஏற்கும் வடிவத்துக்கு மாறுகிறது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். இந்த ஒரு எண்ணுக்காகவே எலுமிச்சையைப் பற்றிப் பொறுப்போடு பேச வேண்டியிருக்கிறது.

மெக்ஸிகோவின் கிராமப்புறப் பெண்களிடம் நடந்த இரண்டு ஆய்வுகள் 2003இல் வெளிவந்தன. அவர்களுடைய உணவும் மக்காச்சோளமும் பயறுமாக, ஃபைட்டேட் மிகுந்தது. சாப்பாட்டோடு எலுமிச்சைச் சாறு கொடுத்துப் பார்த்தபோது உணவிலிருந்து இரும்பு உறிஞ்சப்படுவது இரண்டு மடங்குக்கும் மேலாகக் கூடியது. இது முதல் ஆய்வு. இரண்டாவது ஆய்வில் இரும்புச்சத்து குறைந்த பெண்களுக்கு எட்டு மாதம் தொடர்ந்து சாப்பாட்டோடு எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். முடிவில் அவர்களின் இரும்பு இருப்பு மேம்படவில்லை. இந்த இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். முதலாவதை மட்டும் எடுத்துச் சொல்பவர்கள்தான் அதிகம். எலுமிச்சை கதவைத் திறந்துவிடும். உள்ளே வர இரும்பு போதுமான அளவில் தட்டில் இருக்க வேண்டும். பாதிக் கைப்பிடிக் கீரையும் ஒரு பழமும் ரத்தசோகையைத் தீர்க்காது. மாதவிடாயில் மிகுதியாக ரத்தம் போகிறவருக்கும், குடலில் கொக்கிப்புழு இருப்பவருக்கும் வேறு சிகிச்சை வேண்டும். ஆனாலும் முருங்கைக்கீரைப் பொரியலை இறக்கிய பிறகு, சுண்டலைத் தாளித்துக் கொட்டிய பிறகு, மேலே ஒரு மூடி பிழிவதற்கு அறிவியலின் ஆதரவு இருக்கிறது. இங்கேயும் இறக்கிய பிறகுதான். கொதிக்கும் கீரையில் விட்டால் மணத்தோடு அந்தக் கொஞ்சநஞ்ச வைட்டமினும் போய்விடும்.

எலுமிச்சையின் நிஜமான செல்வம் சிட்ரிக் அமிலம் என்றே நினைக்கிறேன். 1784இல் ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே அதை முதன்முதலாகப் பிரித்தெடுத்ததும் எலுமிச்சைச் சாற்றிலிருந்துதான். சிறுநீரில் சிட்ரேட் இருந்தால் அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு கல்லாகக் கட்டவிடாமல் தடுக்கும். அடிக்கடி கல் வருகிறவர்களை நிறையத் தண்ணீர் குடிக்கவும், அதில் எலுமிச்சை பிழிந்துகொள்ளவும் மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். வெயிலில் நாளெல்லாம் வேலை செய்து, தண்ணீர் குறைவாகக் குடிக்கிற சித்தாளுக்கும் உப்பளத் தொழிலாளிக்கும் இதைவிட மலிவான தடுப்பு ஏது. உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் வெயில் அசதிக்கு உதவுவதும் உண்மை. ஆனால் வயிற்றுப்போக்கில் கிடக்கிற குழந்தைக்கு அளவு முக்கியம்: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீருக்கு ஆறு தட்டைத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து. கையில் ஓஆர்எஸ் பாக்கெட் இருந்தால் அதுதான் முதலில்.

பொய்களும் ஏராளமாகச் சேர்ந்துவிட்டன. வெந்நீரில் எலுமிச்சையும் தேனும் கலந்து குடித்தால் கொழுப்பு கரையாது. காலையில் இனிப்புப் போட்ட காப்பிக்குப் பதிலாக அதைக் குடித்தவருக்கு எடை குறைந்தால், குறைத்தது காப்பியை விட்டதுதான். ரத்தத்தின் அமில காரநிலை 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்கும்படி நுரையீரலும் சிறுநீரகமும் இரவு பகலாகப் பார்த்துக்கொள்கின்றன. எந்தப் பழமும் அதை மாற்றாது, மாற்றவும் கூடாது. எலுமிச்சைச் சாற்றை நாளெல்லாம் உறிஞ்சிக்கொண்டிருந்தால் பல்லின் எனாமல் அரிக்கும். முகத்தில் தோலைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போவது இவற்றிலெல்லாம் மோசம். தோலில் உள்ள சோரலின் வகைப் பொருட்கள் வெயில் பட்டதும் சருமத்தைச் சுட்டுவிடும். கொப்புளம் கிளம்பி, ஆறிய பிறகும் கருந்திட்டு மாதக்கணக்கில் நிற்கும். முகம் வெளுக்கும் என்ற ஆசையில் செய்து முகம் கறுத்துப்போன பெண்களை எனக்குத் தெரியும். அழகுக் குறிப்பு எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியாவது எழுத வேண்டும்.

மீன் கழுவும்போது பிழிவது முழுக்கச் சரி. மீனின் வாடைக்குக் காரணமான அமீன்கள் காரத் தன்மை உள்ளவை. அமிலம் பட்டதும் அவை ஆவியாகாத உப்பாக மாறி வாடை அடங்கிவிடும். ஆனால் அதனால் மீன் வெந்துவிட்டதாகாது, கிருமியும் சாகாது.

இத்தனை நேரம் சொன்ன விதிக்கு ஒரே ஒரு பெரிய விலக்கு உண்டு. ஊறுகாய். அவசரப்பட்டுக் கடைசியில் பிழிய வேண்டிய பழத்தை இங்கே வாரக்கணக்கில் காலத்தின் கையில் ஒப்படைக்கிறோம். நாலாகவோ எட்டாகவோ அரிந்து, கல்லுப்பும் மஞ்சளும் போட்டு, பீங்கான் ஜாடியில் அடைத்து, வாயைத் துணியால் கட்டி, தினம் ஒருமுறை குலுக்கி, வெயிலில் வைத்து எடுக்க வேண்டும். முதல் நாள் தோல் விறைப்பாக, நகத்தால் அழுத்தினால் வழுக்கும். உப்பு உள்ளே போகப்போகச் சாறு வெளியே வந்து துண்டுகள் மூழ்கும். பச்சை மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகி, ஒரு நாள் விரலால் தொட்டாலே தோல் நசுங்கும். அன்றைக்கு அது பக்குவம். மிளகாய்த்தூள், வெந்தயம், பெருங்காயம், காய்ச்சி ஆறவைத்த நல்லெண்ணெய் எல்லாம் அதன் பிறகு. இதில் வைட்டமின் சி என்று பேச எதுவும் மிஞ்சாது. ஆனால் மற்ற எல்லாச் சமையலிலும் நாம் தள்ளுகிற தோலும் கசப்பும் இங்கேதான் மதிப்புப் பெறுகின்றன. மிளகாய்கூடப் போடாத வெறும் உப்பெலுமிச்சை, காய்ச்சலில் நாக்கு செத்துக் கிடக்கிறவனைக் கஞ்சி குடிக்க வைத்துவிடும். நான் அதையும் ஒரு மருத்துவ குணமாகவே கணக்கில் சேர்ப்பேன்.

இலையும் வீணாவதில்லை. நாரத்தையின், எலுமிச்சையின் இளந்தளிரைப் பறித்து, நடுநரம்பைக் கிழித்தெடுத்து, மிளகாய், புளி, ஓமம், பெருங்காயம், உப்போடு இடித்தால் வேப்பிலைக்கட்டி. மோர்ச்சோற்றுக்கு அதற்கு ஈடு எதுவுமில்லை. அதே தளிரைத்தான் எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியும் தேடி வருகிறது. அதன் புழுவைச் சிறுத்திருக்கும்போது பார்த்தால் இலைமேல் விழுந்த பறவை எச்சம்போல் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். வளர்ந்ததும் தளிரின் பச்சையிலேயே மறைந்துவிடும். விரலால் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்புகளை நீட்டும். அப்போது ஒரு கடும் நெடி வரும். நாற்றங்காலில் இளங்கன்றை ஒரே இரவில் மொட்டையாக்கிவிடும் என்பதால் விவசாயிக்கு அதன் அழகைப் பார்க்க நேரமிருக்காது. அவருக்கு அதைவிடப் பெரிய கவலை சொறிநோய். இலையிலும் காயிலும் தக்கைபோலப் பழுப்புப் புள்ளிகள் விழும். உள்ளே சாற்றுக்குக் குறைவில்லை, ஆனால் சந்தையில் அந்தப் பழத்துக்கு விலையில்லை.

தென்காசி மாவட்டத்துப் புளியங்குடியும் ஆந்திராவின் கூடூரும் எலுமிச்சைக்குப் பேர்போன சந்தைகள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பிகேஎம் 1 ரகம் தமிழ்நாட்டுத் தோட்டங்களில் பரவலாக இருக்கிறது. எலுமிச்சை விவசாயியின் துன்பம் காலம் தப்பிய விளைச்சல். பூத்துப் பழுக்க ஐந்தாறு மாதம் ஆகும். மரம் தன் போக்கில் அள்ளிக் கொடுப்பது ஆடி, ஆவணியில். நமக்குப் பழம் வேண்டியிருப்பது பங்குனி, சித்திரையில். கோடையில் காய் எடுக்க வேண்டுமென்றால் மழைக்காலத்தின் முடிவில் மரத்தை நீரில்லாமல் வாடவிட்டு, பிறகு உரமும் தண்ணீரும் கொடுத்துப் பூக்கச் செய்ய வேண்டும். அந்தச் சமயத்தில் மழை தொடர்ந்து பெய்துவிட்டால் உழைப்பு வீண். 2022 ஏப்ரலில் கிலோ 200 ரூபாயைத் தாண்டி, சில்லறைக் கடையில் ஒரு பழம் பத்து ரூபாய்க்கும் மேல் விற்றது நினைவிருக்கும். அதே பழம் மழைக்காலத்தில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் மரத்தடியில் கிடந்த வருஷங்களும் உண்டு. ஊறுகாய் ஜாடி நிரம்ப வேண்டிய பருவம் அதுதான். ஆவணியில் சந்தைக்குப் போகிறவர்கள் நூறு பழமாக வாங்கினால் விவசாயிக்கும் உதவி, வீட்டுக்கும் வருஷம் முழுக்கக் கவலையில்லை.

கோடையில் பழம் கைக்கு எட்டாத விலையில் இருக்கும்போது வேறொரு புளிப்பு தெருவுக்கு வந்துவிடுகிறது. சித்திரையில் மாங்காய் மலிவு. எலுமிச்சை சாதத்தின் அதே தாளிப்பு, அதே உதிரிச் சோறு, சாற்றுக்குப் பதில் ஒட்டு மாங்காயின் துருவல். இதற்கு மட்டும் அடுப்பை அணைக்கத் தேவையில்லை. துருவலை வாணலியில் ஒரு புரட்டுப் புரட்டினால்தான் அதன் பச்சைக் கடுமை அடங்கிச் சோற்றில் சேரும்.